புதுக் கப், புதுப் பட்டா: முதல் ஆண்டில் வரும் பழுதுகளை எப்படிக் கையாள்வது

புதிதாக எடுத்த கப் வாகனத்திலோ (பிக்கப்) பட்டாவிலோ (சிறு லொறி) ஒரு சத்தமோ ஒழுக்கோ தலைகாட்டினால், யாழ்ப்பாணத்தில் பலரும் முதலில் செய்வது தெரிந்த கராஜுக்குக் கொண்டுபோவதுதான். "ஒருக்காத் திறந்து பாருங்கோ" என்று கேட்டால் அவர்களும் திறந்து பார்ப்பார்கள். பழைய வாகனத்துக்கு இது நல்ல வழி. வாரண்டி உள்ள வாகனத்துக்கு இதைப்போல நட்டம் வேறில்லை. வெளியார் கைபட்ட பகுதியில் பிறகு எது உடைந்தாலும், திறந்தபோதுதான் கெட்டது என்று வாகனத்தை விற்ற முகவர் சொல்ல இடம் கிடைத்துவிடும். திறக்காமலே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்த்து, எழுதி வைத்து, பழுதின் அடையாளம் மாறுமுன் முகவரின் சேர்விஸ் நிலையத்துக்குப் போங்கள்.

கீழே சொல்வது ஒரு தொன் அளவு பாரம் ஏற்றும் டீசல் வாகனங்களுக்குப் பொருந்தும். கொடுத்திருக்கும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வாகனத்தின் கைநூலில் வேறு அளவு இருந்தால் கைநூலே சரி.

முதல் ஆயிரம் கிலோமீற்றர்

புது இஞ்சினில் பிஸ்டன் வளையமும் சிலிண்டர்ச் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் படிய வேண்டும். அந்த உரசலில் வரும் மெல்லிய உலோகத்தூள் ஒயிலில் கலக்கும். முதல் சேர்விஸ் சீக்கிரமே வருவது இதனால்தான். அதுவரை முழுப் பாரம் ஏற்றவேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடவேண்டாம், உயர் கியரில் இஞ்சின் திணறத் திணற மிதிக்கவும் வேண்டாம். புதுப் பிறேக்கும் ஏறக்குறைய முதல் 300 கிலோமீற்றருக்கு மெதுவான அழுத்தத்தில்தான் படியும். அந்தக் காலத்தில் வரும் மெல்லிய கீச்சொலிக்குப் பயப்படத் தேவையில்லை.

சில்லு நட்டுகளை முதல் 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். றிம்மில் உள்ள புது வர்ணம் நட்டின் கீழ் நசுங்கும்போது இறுக்கம் தளர்கிறது. ஏ9 வழியாகத் தெற்கே போகிறவர்கள் எப்படியும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்துவார்கள். தேங்காய் உடைத்த கையோடு வாகனத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நான்கு சில்லுகளின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடவேண்டாம், வெக்கை தெரிந்தால் போதும். மூன்று ஒரே அளவில் இருந்து ஒன்று மட்டும் அனலாக அடித்தால், அந்தச் சில்லின் பிறேக் பிடித்தபடி இருக்கிறது, அல்லது பெயரிங் பிழை. நட்டுகளைச் சுற்றித் துருநிறக் கோடு ஒழுகியிருந்தால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பின்பக்க இலை ஸ்பிறிங்கை அக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ற்றுகளையும் இப்படியே முதல் பார ஓட்டத்துக்குப் பிறகு இறுக்க வேண்டும். சில்லுகள் நிலத்தில் நிற்க, எடை ஸ்பிறிங்கில் இருக்கும்போது, நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் றென்ச்சால் கைநூல் சொன்ன அளவுக்கு இறுக்குவதுதான் முறை. முதல் சேர்விஸில் இதைச் செய்தார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள், தவறவிடப்படுகிற வேலை இது. யூ போல்ற் தளர்ந்தால் இலைகளின் நடுவில் இருக்கும் சென்ரர் போல்ற் அறுந்து அக்சில் நகர்ந்துவிடும். அப்போது நேரே ஓடினாலும் ஸ்ரியரிங் ஒரு பக்கம் திரும்பியே நிற்கும், ரயர் ஓரம் தேயும். பின்னால் வருகிறவருக்கு வாகனம் கோணலாகப் போவது தெரியும்.

நிலத்தில் விழும் துளி

இரவு நிறுத்தும் இடத்தில் இஞ்சினில் இருந்து பின் அக்சில் வரை எட்டும்படி காட்போட் மட்டையை விரித்து விடுங்கள். காலையில் துளி எந்த இடத்தில், என்ன நிறத்தில் கிடக்கிறது என்று பாருங்கள். கறுப்போ கடும் பழுப்போ என்றால் இஞ்சின் ஒயில். பச்சை அல்லது சிவப்பு நிறத்தில், தண்ணீர்போல் மெல்லியதாக, விரலில் வழுவழுத்தால் இஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ற். தடித்து, கந்தக நெடி அடித்தால் கியர் பெட்டி ஒயில் அல்லது பின் அக்சில் நடுவில் இருக்கும் டிபரன்சியலின் ஒயில். சில்லின் உட்பக்கமாக நிறமற்ற வழுவழுப்பு இறங்கியிருந்தால் அது பிறேக் ஒயில், அந்த வாகனத்தை எடுத்து ஓடக்கூடாது. ஏசி போட்டு வந்து நிறுத்தியபின் சொட்டும் வெறுந்தண்ணீரைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மட்டையைத் திகதி எழுதிப் படம் எடுத்து வையுங்கள். துடைத்துக் கழுவிக்கொண்டு போனால் சேர்விஸ் நிலையத்தில் ஒழுக்கே தெரியாது, "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள்.

ஸ்ராட் வராவிட்டால்

சாவியைத் திருப்பும்போது "டிக்" என்ற ஒலி மட்டும் வந்தாலோ, ஸ்ராட்டர் சோம்பலாகச் சுற்றினாலோ பற்றறிப் பக்கம் பாருங்கள். மல்ரிமீற்றர் ஒன்று எப்போதும் வாகனத்தில் இருக்கட்டும். சில மணிநேரம் ஓடாமல் நின்ற பற்றறியில் 12.6 வோல்ற் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். ஸ்ராட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றறி பலவீனம். இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும், வராவிட்டால் பற்றறிக்கு மின் ஏற்றும் அல்ரனேற்றர் அல்லது அதைச் சுற்றும் பெல்ற் பழுது. புது வாகனத்தில் பற்றறி கெட்டிருப்பதைவிட முனைக் கிளிப் தளர்ந்திருப்பதே அதிகம். அதற்கடுத்தது எர்த் வயர்: அது வாகனத்தின் அடிச்சட்டமான சேசியைத் தொடும் இடத்தில் வர்ணம் பூசியிருந்தாலோ உப்புப் பூத்திருந்தாலோ மின் ஓட்டம் தடைப்படும். பற்றறிக்கும் ரயருக்கும் பெரும்பாலும் தனி வாரண்டி அட்டை இருக்கும், வாகனம் எடுக்கிற அன்றே கேட்டு வாங்குங்கள்.

ஸ்ராட்டர் உற்சாகமாகச் சுற்றியும் இஞ்சின் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் டீசல் போகவில்லை. அதைப் பார்க்குமுன் இரண்டு சின்ன விஷயங்கள்: சுருள்போன்ற ஹீற்றர் விளக்கு அணையும்வரை பொறுத்தீர்களா, சாவிப் பூட்டு விளக்கு விடாமல் மின்னுகிறதா. விளக்கு மின்னினால் சாவியை வாகனம் இனங்காணவில்லை, மற்றச் சாவியைப் போட்டுப் பாருங்கள். இவை சரியென்றால் டீசல் பில்டரின் கைப்பம்பை அழுத்துங்கள். கைக்கு இறுக்கம் வரும்வரை அடித்தால் உள்ளே புகுந்த காற்று வெளியேறும். இறுக்கம் வரவே வராவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது, அதற்குமேல் ஸ்ராட்டரை வதைக்க வேண்டாம்.

டீசலில் தண்ணீர்

டீசல் பில்டரில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் அன்றைக்கே வடியுங்கள். வாகனத்தை நிறுத்தி, பில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகை மூன்று நான்கு சுற்றுக் கையால் தளர்த்தி, கீழே வெளிப்படையான போத்தல் ஒன்றைப் பிடியுங்கள். கைப்பம்பை மெதுவாக அழுத்த, அடியில் நிற்கும் தண்ணீர் முதலில் வரும், பிறகு டீசல் வரும். போத்தலை ஒரு நிமிடம் ஆடாமல் வைத்தால் தண்ணீர் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். 100 முதல் 200 மில்லிலீற்றர் வடித்தபின் சுத்த டீசல் வந்தால் திருகை மூடிப் பம்ப் அடித்து ஸ்ராட் பண்ணலாம். ஒரே வாரத்தில் மறுபடியும் விளக்கு எரிந்தால் தாங்கியில் தண்ணீர் இருக்கிறது.

கொமன் றெயில் இஞ்சின்களில், உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும், ஊசித்துளையிலும் நுண்ணிய இன்ஜெக்டர்களுக்கு உராய்வுநெய் டீசல்தான். தண்ணீர் போனால் அவை அரிபடும், அந்தச் செலவை எரிபொருள் பிழை என்று சொல்லி வாரண்டியில் இருந்து கழித்துவிடுவார்கள். ஆகவே பரல்களில் நாட்பட வைத்திருந்த டீசலைப் புது வாகனத்துக்கு ஊற்றாதீர்கள், கைநூல் சுப்பர் டீசல் என்றால் அதையே அடியுங்கள், எரிபொருள் நிலைய பற்றுச்சீட்டை வையுங்கள். வடித்த டீசலில் ஒரு போத்தல், மூடி இறுக்கித் திகதி ஒட்டி, ஒரு மூலையில் இருக்கட்டும். இன்ஜெக்டர் வழக்கு வந்தால் பேசப்போவது அதுதான்.

சூடேறினால்

வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே றேடியேற்றர்க் குழாய்களிலும் இஞ்சின் தண்ணீர்ப் பாதையிலும் படியும். கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்துவிடுவதால் அலுமினியப் பகுதிகளை அரிக்கும். அவசரத்துக்கு என்று ஊற்றிய ஒரு செம்புத் தண்ணீரால் உடனே கெடாது. ஆனால் மாதம் தோறும் "கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று ஊற்றிக்கொண்டே வந்தால் ஓராண்டில் படிவு பிடிக்கும். கைநூல் சொல்லும் வகைக் கூலன்றோடு பற்றறிக்கு ஊற்றும் வடித்த நீரைச் சம அளவாகக் கலந்து, இரண்டு லீற்றர் போத்தல் ஒன்றை வாகனத்தில் வைத்திருங்கள். நிறம் ஒத்திருந்தால் வகையும் ஒத்தது என்று நம்பவேண்டாம். வெவ்வேறு வகைகள் கலந்தால் களிபோல் திரண்டு பாதையை அடைக்கலாம்.

சூடுகாட்டும் மீற்றரின் ஊசி மேலே ஏறுகிறது என்று கண்டதும் ஏசியை நிறுத்தி, பாரத்தை இழுக்காமல் ஓரத்துக்கு எடுங்கள். நீராவியோ ஒழுக்கோ இல்லாவிட்டால் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். நீராவி வந்தால் உடனே அணையுங்கள். மூடியை அரை மணி முக்கால் மணி நேரத்துக்குத் தொடவேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடி திறந்த கணம் முகத்தில் அடிக்கும்.

ஆறியபின் பார்க்கவேண்டியவை: சேமிப்புப் போத்தலில் அளவு, பெல்ற் இருக்கிறதா, விசிறி தடையின்றிச் சுற்றுகிறதா, ஹோஸ் கிளிப்புகளில் காய்ந்த வெள்ளை அல்லது பச்சைக் கோடு. பிறகு றேடியேற்றரின் முன்முகம். தோட்டப் பாதைகளில் ஓடும் வாகனத்தில் செம்மண் புழுதியும் வைக்கோலும் பூச்சியும் சேர்ந்து, ஏசிக் கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையில் ஒரு பாய் மாதிரி அடைத்துக்கொள்ளும். சோளகம் வீசும் மாதங்களில் இது விரைவில் நடக்கும். குறைந்த அழுத்தத் தண்ணீரை இஞ்சின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக அடித்துக் கழுவுங்கள். உயர் அழுத்தம் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும்.

மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் ஆறியே இருந்தால், சூடு ஏறியதும் கூலன்ற் பாதையைத் திறக்கும் தேமோஸ்ரற் திறக்கவில்லை அல்லது றேடியேற்றர் அடைப்பு. இது புது வாகனத்தில் நிறுவனப் பழுது, தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட யாரையும் விடாதீர்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் கூலன்ற் குறைந்துகொண்டே வந்தால், ஸ்ராட் பண்ணியதும் போத்தலில் இடைவிடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஹெட் கஸ்கற் (இஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) போய்விட்டது என்று சந்தேகம், அந்த நிலையில் ஒரு கிலோமீற்றரும் ஓடாமல் முகவரை அழையுங்கள்.

பாரம், ஸ்பிறிங், பிறேக்

ஐம்பது கிலோச் சீமெந்துப் பை இருபது என்றால் ஒரு தொன். கோடையில் தண்ணீர் விநியோகத்துக்கு வைக்கும் ஆயிரம் லீற்றர்த் தாங்கி நிறைந்தாலும் ஒரு தொன், தாங்கியின் எடை வேறு. டபுள் கப்பில் ஐந்து பேர் ஏறினால் ஏறக்குறைய 350 கிலோ ஏற்கெனவே போய்விட்டது. ஏற்றக்கூடிய எடை என்பதில் ஆட்களும் கூடாரமும் இரும்புச் சட்டமும் அடக்கம். இந்தக் கணக்குப் பிழைப்பதால்தான் வாங்கி ஆறு மாதமாகாத வாகனத்தில் கிளச் கருகுகிறது, பெயரிங் இரைகிறது.

எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைப்பட வைப்பது ஸ்பிறிங் இலை சேர்ப்பது. புது வாகனத்தை எடுத்த வாரமே பட்டறையில் இரண்டு இலை போட்டு உயர்த்துவது இங்கே வழக்கமாகிவிட்டது. பல கப் வாகனங்களில் பின் அக்சிலில் இருந்து சேசிக்கு ஒரு சின்னக் கம்பி போகும், அதன் முனையில் பிறேக் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு இருக்கும். பாரம் ஏறி வாகனம் தாழும்போது கம்பி நகர்ந்து, பின் பிறேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். இலை சேர்த்தால் ஒரு தொன் ஏற்றியும் வாகனம் தாழாது. வெறும் வாகனம் என்று வால்வு எண்ணி, பின் பிறேக்கைக் குறைத்தே கொடுக்கும். முன் பிறேக் மட்டும் பாடுபட்டுச் சூடேறும், நிற்கும் தூரம் நீளும், மழையில் முன்சில்லு சறுக்கும். பிறேக் பழுது என்று முறையிடுமுன் குனிந்து அந்தக் கம்பியைப் பாருங்கள். இலை சேர்த்திருந்தால் வாரண்டிப் பேச்சும் அங்கேயே முடிந்துவிடும்.

பிறேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால் முதலில் ரயர்க் காற்று. சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் வெறும் வாகனத்துக்கும் பாரத்துக்கும் வெவ்வேறு அளவு இருக்கும், ரயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் ஓட்ட வேண்டாம்.

கிளச் வழுக்குகிறதா என்று அறிய: சமதரையில் ஹான்ட் பிறேக்கை இறுக்கி, மூன்றாம் கியர் போட்டு, கிளச்சை மெதுவாக விடுங்கள். இஞ்சின் நின்றால் கிளச் நல்லது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒருமுறைக்குமேல் செய்து பார்க்காதீர்கள், அதுவே தட்டைக் கருக்கும். கிளச் தட்டும் பிறேக் பட்டையும் தேயும் பொருட்கள் என்பதால் வாரண்டியில் சேராது. ஆயினும் முதல் சில ஆயிரம் கிலோமீற்றருக்குள் கெட்டால் எழுத்தில் கேளுங்கள். பெடலின் ஆட்டம் இல்லாதபடி நிறுவனத்தில் பூட்டியிருந்தால் தட்டு தானே தேயும், அது உங்கள் பிழையாகாது.

அதிர்வு

ஸ்ரியரிங்கில் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் நடுக்கம் வந்தால் முன்சில்லு பலன்ஸ். நடுக்கம் ஆசனத்தில் தெரிந்தால் பின்சில்லு அல்லது பின்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புறொப்பெல்லர் தண்டு. பாரத்தோடு புறப்படும்போது மட்டும் உதறினால் தண்டின் நடுப் பெயரிங் அல்லது கிளச். கியர் மாற்றும்போது அடியில் "டக்" என்றால் பெரும்பாலும் அந்தத் தண்டின் மூட்டான யூ ஜொயின்ரில் கிறீஸ் இல்லை. கிறீஸ் நிப்பிள் உள்ள இடங்களுக்கு, பழைய கிறீஸ் வெளியே தள்ளப்படும்வரை அடிக்கவேண்டும்.

நான்கு சில்லு இழுவை உள்ள வாகனத்தைப் புதிதாக எடுத்தவர்கள், தார் வீதியில் வளைக்கும்போது பிடித்து இழுக்கிறது என்று முறையிடுவார்கள். நான்கு சில்லு நிலையில் முன்தண்டும் பின்தண்டும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன, வளைவில் முன்சில்லு கூடத் தூரம் ஓடவேண்டும், இறுகிய தரையில் அதற்கு இடமில்லை. மணற்காட்டு மணலில் போடுங்கள், தாருக்கு ஏறியதும் எடுத்துவிடுங்கள். எடுக்காமல் ஓடினால் உண்மையாகவே பழுது வரும்.

உப்பு

பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம், சங்குப்பிட்டி, கல்லுண்டாய் வெளி என்று எந்தப் பக்கம் போனாலும் உப்புக் காற்றைத் தப்ப முடியாது. ஆனால் அதைவிடக் கெடுதல் மீன்பெட்டியில் இருந்து வடியும் ஐஸ் தண்ணீர். பருத்தித்துறையிலும் மயிலிட்டியிலும் மீன் ஏற்றும் ஒரு வாகனத்தின் அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும்: பாரம் ஏற்றும் தட்டின் மூலை இடுக்கால் இறங்கிய நீர் பின்சில்லுக்கு மேலே சேசியின் ஒட்டுக் கோட்டில் நின்று, அங்கிருந்து பிறேக் குழாய் வழியே ஓடி, குழாயைப் பிடிக்கும் கிளிப்பில் தேங்கும். துரு முதலில் அந்தக் கிளிப்பின் பின்னால்தான் பிடிக்கும், வெளியில் தெரியாது. மீன் ஏற்றுகிறவர்கள் அடைப்பான பெட்டியோ, தட்டு முழுவதும் பொருந்தும் தொட்டியோ போட்டு, நீரைக் குழாயால் பின்னால் இறக்கிவிட வேண்டும். வந்த அன்றே நன்னீரால் அடிப்பகுதியைக் கழுவுங்கள். சவர்க் கிணற்று நீரால் கழுவிப் பயனில்லை. வயர் இணைப்புகளிலும் சில்லு நடுவிலும் உயர் அழுத்தக் குழாயைப் பிடிக்காதீர்கள். துருத் தடுப்புப் பூச்சு அடிப்பதென்றால் கதவடியிலும் சேசியிலும் உள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார்க்கவேண்டும்.

மாரி வெள்ளத்தில் அக்சில் மூழ்க ஓடியிருந்தால், சூடான டிபரன்சியல் திடீரெனக் குளிரும்போது தண்ணீரை உள்ளே இழுத்திருக்கலாம். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தால் உடனே மாற்றவேண்டும், அடுத்த சேர்விஸ் வரை காத்திருக்கக்கூடாது.

விளக்குகளும் முகவரும்

சிவப்பு விளக்கு என்றால் நிறுத்துங்கள், குறிப்பாக ஒயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே. மஞ்சள் என்றால் பாரத்தைக் குறைத்து மெதுவாகப் போகலாம். கராஜில் ஸ்கானர் போட்டு, பழுதைக் காட்டும் கோட் இலக்கத்தை வாசிப்பதில் தவறில்லை, படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழிக்க விடாதீர்கள். கோட்டோடு அந்த நேரத்து வேகம், சூடு எல்லாம் பதிந்திருக்கும், அழித்தால் அவையும் போய்விடும்.

முகவரிடம் போகும்போது "சத்தம் கேட்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. காலையில் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பின்பா, எந்தக் கியர், என்ன வேகம், எவ்வளவு பாரம், பிறேக் மிதித்தால் நிற்கிறதா, கிளச் மிதித்தால் மாறுகிறதா என்று எழுதிக் கொடுங்கள். சத்தத்தின் காணொளியில் மீற்றரும் தெரியட்டும். மெக்கானிக்கைப் பக்கத்தில் இருத்தி நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். வேலை விபரம் எழுதும் ஜொப் காட்டில் உங்கள் வார்த்தையிலேயே முறைப்பாடு எழுதப்பட்டதா என்று வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பழுது காணப்படவில்லை என்று திருப்பினாலும் அந்தக் காட்டின் பிரதி வேண்டும். வாரண்டி முடிந்தபின் அதே பழுது பெரிதானால், அது முன்பே தொடங்கியது என்பதற்கு வேறு சாட்சி இருக்காது. சேர்விஸை மாதக் கணக்கிலும் கிலோமீற்றர்க் கணக்கிலும் எது முந்துகிறதோ அதற்குச் செய்து, புத்தகத்தில் முத்திரை வாங்குங்கள்.

வாரண்டியில் வரும் பழுதை முகவர் தொடர்ந்து மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்பதால் பேச்சுவார்த்தையில் நாளைக் கடத்தாதீர்கள். அவசரத் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டோடு விலைச்சிட்டை, வாரண்டிப் புத்தகம், ஜொப் காட்டுகள், படங்கள் எல்லாவற்றின் பிரதிகளையும் இணையுங்கள். மூலங்களை எவரிடமும் கொடுக்கவேண்டாம்.